வெர்லினுக்கான ஏலம்

வெர்லின் டாக்கெட் ஏலம் விடுவதை முதல் முறை கேட்பவர்களுக்கு விலை காதில் விழாது. விலையும் கேலியும் ஒரே புரியாக முறுக்கிக்கொண்டு வரும். செவ்வாய்க்கிழமைகளில் மாட்டுச் சந்தைக் கொட்டகையின் மேடையில் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கன்று ஒன்று வட்டத்துக்குள் வந்து, மிரண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போவதற்குள் அது கைமாறியிருக்கும். மூன்றாவது வரிசையில் எப்போதும் உட்காரும் கிழவர் ஹாய்ட் யோசிக்க ஆரம்பித்தால் விடமாட்டான்.

"ஹாய்ட், ஏத்துய்யா. இந்தக் கன்னுக்குட்டி உன் மாப்பிள்ளைய விட நல்லா உழைக்கும்."

மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவனும் சிரிப்பான்.

கை தூக்கினால் தூக்கியதுதான் என்பது கொட்டகையின் ஒரே சட்டம். ஒருமுறை பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார் தூரத்தில் யாரையோ பார்த்துக் கையசைக்க, ஒரு கிடேரி அவர் பெயரில் முடிந்துவிட்டது. அவர் மறுத்துப் பார்த்தார். "ரெவரெண்ட், கர்த்தர் உங்களுக்குப் பால் குடுக்கணும்னு நெனச்சிருக்காரு. நடுவுல நான் யாரு?" என்றான் வெர்லின். பாதிரியார் கிடேரியை ஓட்டிக்கொண்டுதான் போனார்.

எங்கள் மாவட்டத்தில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் தீயணைப்பு நிலையத்தில் ஏலம் நடக்கும். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலிகள் போடுவோம். பெண்கள் கேக் சுட்டு எடுத்து வருவார்கள். ஆண்கள் புகையில் போட்ட பன்றித் தொடை, பழைய துப்பாக்கி, மரம் அறுக்கும் ரம்பம் என்று கொண்டு வருவார்கள். யாருக்காக ஏலமோ அவர் முன்னால் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அது வழக்கம். தலைமுடி கொட்டியவர்களும், மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தவர்களும் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த ஏலங்களுக்கு வெர்லின் கூலி வாங்குவதில்லை. தொடங்கும் முன் ஒருமுறை கூடத்தைச் சுற்றிப் பார்ப்பான். "வாஷிங்டன்லேருந்து யாராவது வந்திருக்கீங்களா? கை தூக்குங்க பாப்போம்" என்பான். கூடம் சிரிக்கும். "யாரும் இல்ல. வந்திருக்கறது நீங்கதான். இந்த ஊர்ல யாரும் அரசாங்கத்துக்கிட்ட கையேந்தறதில்ல. பக்கத்து வீட்டுக்காரன் இருக்கான்."

அதை அவன் நம்பினான். நாங்களும் நம்பினோம். ஹாய்ட்டின் இரண்டு முழங்காலையும் மாற்றியது முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. வெர்லினின் மனைவி நேடீனுடைய அம்மா ஆறு வருஷம் முதியோர் இல்லத்தில் கிடந்தபோது செலவு முழுதும் மாநிலத்துடையது. நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். சாகும்வரை மத்திய அரசின் காப்பீடு உண்டு. அதெல்லாம் வேறு என்று இருந்தது. வெர்லின் மட்டும் என்னைச் சீண்டுவான். "உனக்கென்னய்யா, நீ அரசாங்கத்து மாப்பிள்ளை. பல்வலின்னாலும் பல்லக்குல போவ."

கிரேடி ஸ்பார்க்மன் எங்கள் மாநிலச் சட்டசபை உறுப்பினர். தீவனக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பார்பெக்யூ விருந்துகளில் மைக் பிடிப்பது வெர்லின்தான். குறைந்த வருமானத்தில் உழைக்கிறவர்களுக்கு மாநிலமே வைத்திய அட்டை கொடுக்கலாம் என்று ஆளுநர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவரும் எங்கள் கட்சிதான். அதை எதிர்த்துப் பேச ஸ்பார்க்மன் பாப்டிஸ்ட் சபையின் பேருந்தை ஏற்பாடு செய்து எங்களைத் தலைநகருக்கு அழைத்துப் போனார். சட்டசபைக் கமிட்டி முன்னால் வெர்லின் பேசினான்.

"ஐயா, எங்க ஊர்ல ஒருத்தனுக்கு ஒடம்பு முடியலேன்னா நாங்க கேக் சுடுவோம். நீங்க கமிட்டி போடுவீங்க. எது சீக்கிரம் வேகும்னு நீங்களே சொல்லுங்க."

கமிட்டித் தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மாலைச் செய்தியில் அதைக் காட்டினார்கள். மசோதா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. திரும்பும் வழியில் ஸ்பார்க்மன் எல்லோருக்கும் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் வெர்லினுக்குக் குரல் கம்மியது. கொட்டகைத் தூசி என்றான். தேனும் விஸ்கியும் கலந்து குடித்தான். ஜனவரி முழுதும் அவன் கரகரத்த குரலை வைத்தே கேலி செய்து மாடு விற்றான். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாதி ஏலத்தில் சத்தம் நின்றுபோனது. உதடு மட்டும் ஆடியது. வட்டத்தில் இருந்த எருது நின்று அவனைப் பார்த்தது.

எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியை அதற்குள் மூடியிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் கிளினிக் ஒன்று உண்டு. அங்கே நர்ஸ் ரூத்தான் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன மாசமா இப்படி?"

"தொண்ட கட்டிருக்கு. அவ்வளவுதான்."

"வெர்லின், தொண்ட கட்டினத நான் பாத்திருக்கேன். இது அது இல்ல. சிட்டிக்குப் போய் குழாய் விட்டுப் பாக்கணும். இந்த மாசமே."

"அறுவத்தஞ்சு ஆவட்டும்."

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே!"

"இத்தன நாள் தள்ளலையா?"

எங்கள் பக்கத்தில் அறுபத்தைந்து ஒரு கரை. முழங்காலோ, கண்ணில் புரையோ, நெஞ்சு வலியோ, அதுவரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டால் மத்திய அரசின் முதியோர் காப்பீடு வந்துவிடும். அதை யாரும் அரசாங்க வைத்தியம் என்று சொல்வதில்லை.

நேடீன் விடவில்லை. நூலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்து காப்பீட்டுக்கு எழுதித் தருவதாகக் கேள்விப்பட்டு, என்னை வண்டி ஓட்டச் சொல்லி அவனைக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் கோர்பின் வீட்டுக் கடைசி மகள். வெர்லின் வரிக்கணக்கில் எப்போதும் நஷ்டம்தான் காட்டுவான். செத்த கன்று, விழுந்த வேலி, பழுதான டிராக்டர், எல்லாவற்றையும் நேடீனுடைய பள்ளிச் சமையலறைச் சம்பளத்திலும் சேர்த்துக் கழித்தால் கடைசியில் வருமானம் என்று ஒன்றும் நிற்காது. மாடு வைத்திருக்கும் எல்லோரும் இங்கே செய்வதுதான். சட்டப்படி சரியானதும்கூட. அரசாங்கத்துக்குத் தீனி போட நான் ஆளில்லை என்பான்.

"வருமானம் இவ்வளவுதானா, மிஸ்டர் டாக்கெட்?"

"அவ்வளவுதான்" என்றான் கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப மத்திய அரசு உதவி கெடைக்காது. ரொம்பக் கம்மியா இருக்கு."

"கம்மியா இருந்தாத்தானேம்மா உதவி?" என்றாள் நேடீன்.

"ஒரு கோடு வெச்சிருக்காங்க, மிஸஸ் டாக்கெட். கோட்டுக்கு மேல இருந்தா அவங்க உதவி செய்வாங்க. கீழ இருக்கறவங்கள மாநிலம் அட்டை குடுத்துப் பாத்துக்கணும். நம்ம மாநிலம் அத எடுத்துக்கல."

"ஏன் எடுத்துக்கல?"

அந்தப் பெண் வெர்லினைப் பார்த்தாள். பிறகு பேனாவின் மூடியைப் பார்த்தாள்.

"அந்த மசோதா கமிட்டியிலேயே நின்னுபோச்சு" என்றாள்.

நேடீனுக்கு அதற்குப் பிறகும் சில கேள்விகள் இருந்தன. அடுத்த வருஷம் லாபம் காட்டினால்? காட்டலாம். நவம்பரில் விண்ணப்பித்தால் ஜனவரியிலிருந்து காப்பீடு வரும். அப்போது மார்ச். வெர்லின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். வண்டி பாலத்தைத் தாண்டியது.

"நல்ல பொண்ணு" என்றான் வெர்லின், மெல்லிய காற்றாக. "அவங்கப்பன் மாதிரி இல்ல."

அந்த வாரமே ஸ்பார்க்மனைப் பார்க்கப் போனோம். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் அவருக்குச் சின்ன அறை. அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை நடந்திருந்தது. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை. நாங்கள் போய்ப் பார்த்துப் பூங்கொத்து கொடுத்துவிட்டு வந்தோம்.

"வெர்லின்! வாய்யா. என்னய்யா இது, பொண்டாட்டி வாயக் கட்டிட்டாளா?" என்று எழுந்து வந்து தோளை அணைத்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. பக்கத்தில் உட்கார்ந்து வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெபம் பண்றோம். ஞாயித்துக்கிழம சபைல பேர் சொல்லச் சொல்றேன்."

வெர்லின் குனிந்து ஏதோ சொன்னான். ஸ்பார்க்மனுக்குக் கேட்கவில்லை. காதை அருகில் கொண்டுவந்தார்.

"உன் நெஞ்சுக்கு யாரு பணம் கட்டினா?"

"அதுவா? அது மாநிலத்துது. சட்டசபைல இருக்கறவங்களுக்குக் குடுக்கறது. வேலயோட சேந்தது, வெர்லின். நான் போய்க் கேட்டு வாங்கினது இல்ல."

"நானும் வேல செய்யறேன்."

"இல்லேன்னு யாரு சொன்னா? உன்ன மாதிரி உழைக்கறவன் இந்த மாவட்டத்துல யாரு இருக்கா?" ஸ்பார்க்மன் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அதான் சொல்றேன். நம்ம ஆளுக்கு நாமதான். ஏலம் வெப்போம். மொத கேக் நான் எடுக்கறேன். என்ன வெலையானாலும் சரி."

வெர்லின் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றா, சரி என்றா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பார்க்மன் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஏலத்துக்கு அவன் வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கோழி விற்கிறேன், துப்பாக்கியை விற்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன். நேடீன் பள்ளிச் சமையலறையில், காப்பீடு இல்லாத வேலையில், நாள் முழுதும் நின்றுவிட்டு வருபவள். ஏலத்தன்று அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள்.

"மத்தவங்க உக்காந்தப்ப நல்லா இருந்துச்சுல்ல? போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான்.

கூடம் நிறைந்திருந்தது. அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. ஏலம் விட லீலண்டை அழைத்திருந்தார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர், நிலம், வீடு ஏலம் விடுபவர். கல்லறைத் தோட்டத்தில் பேசுவதுபோல் ஒவ்வொரு பொருளையும் வர்ணித்தார். சொன்னபடி ஸ்பார்க்மன் முதல் கேக்கை எடுத்தார், நல்ல விலைக்கு. அதன் பிறகு சுரத்துக் குறைந்தது. யார் ஏற்றுவார்கள், யாரை எந்த வார்த்தையால் சீண்ட வேண்டும் என்று லீலண்டுக்குத் தெரியாது. ஒருவர் விலை கேட்டால் நன்றி சொல்லிவிட்டு, ஒரு தரம், ரெண்டு தரம் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

வெர்லின் நாற்காலியின் விளிம்பில் இருந்தான். அவன் கண்கள் வரிசை வரிசையாக ஓடின. ஹாய்ட் வலது காதைத் தடவினால் இன்னும் ஏற்றத் தயார் என்று அர்த்தம். முப்பது வருஷமாக வெர்லினுக்கு அது தெரியும். பன்றித் தொடை வந்தபோது ஹாய்ட் காதைத் தடவினார். லீலண்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தொடை பாதி விலைக்குப் போனது. வெர்லின் கால் மேல் கையைத் தட்டினான். அடுத்து மார்த்தா அக்காவின் தேங்காய்க் கேக். ஒவ்வொரு ஏலத்திலும் அதுதான் அதிக விலைக்குப் போகும். ஹாய்ட் மறுபடி காதைத் தடவினார்.

"ஒரு தரம்" என்றார் லீலண்ட். "ரெண்டு தரம்..."

வெர்லினால் பொறுக்க முடியவில்லை. அங்கே பார் என்பதுபோல் மூன்றாவது வரிசையை நோக்கிக் கையை நீட்டினான்.

"மூணு தரம்! வெர்லின் டாக்கெட்டுக்கு!" சுத்தியல் விழுந்தது.

பிறகு யாரோ பின்னாலிருந்து, "கை தூக்கினா தூக்கினதுதான்யா!" என்று கத்தினார்கள். கூடம் முழுதும் சிரித்தது. வெர்லினை வைத்து நாங்கள் சிரிப்பது அதுதான் முதல் முறை. லீலண்ட் முகம் சிவந்து சுத்தியலைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். வெர்லின் கையால் தடுத்தான். மார்த்தா அக்கா கேக்கைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். ஏலம் முடியும்வரை அது அவன் மடியிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவன் கைகள் கேக் தட்டின் இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தன.

முடிவில் ஸ்பார்க்மன் மைக்கை வாங்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"வாஷிங்டன்லேருந்து யாராவது வந்திருக்காங்களா? இந்த மனுஷன் நமக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான். நமக்கு எந்த அரசாங்கமும் வேண்டாம். நாம இருக்கோம்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். நானும் தட்டினேன். வெர்லின் வாயைத் திறந்தான். மைக்கை அவனிடம் நீட்டினார்கள். கூடம் அடங்கியது. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் வந்தது, நெல்லைப் புடைப்பதுபோல. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு மறுபடி கை தட்டினோம்.

வசூலானது குழாய் விட்டுப் பார்ப்பதற்குப் போதுமானதாக இருந்தது. பார்த்தார்கள். புற்று. கதிர்வீச்சை உடனே தொடங்கினால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் மருத்துவர். அவர் எழுந்து போனதும், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து முன்பணத்தைப் பற்றிப் பேசினாள். நேடீன் இரண்டாவது ஏலம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். ஒருவருக்கு இரண்டு ஏலம் எங்கள் ஊரில் வைப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும். மாடுகளை விற்றார்கள். பாதிக்கு மேல் வங்கிக் கடனுக்குப் போனது, மீதி முன்பணத்துக்குப் போதவில்லை. நவம்பர் வரட்டும் என்று இருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு காலை அவனுக்கு மூச்சு வரவில்லை. நீலமாகிவிட்டான். ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முக்கால் மணி நேரமாகும். உயிர் போகும் நிலையில் வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிச் சமூகசேவகி நேடீனிடம் வந்தாள். நல்ல செய்தி சொல்லும் முகம்.

"இனி அவரால வேல செய்ய முடியாது, இல்லையா? ஊனமுற்றோர் கணக்குல வந்துடறார். அவங்களுக்கு மட்டும் மாநிலம் அட்டை குடுக்குது, அதுக்குத் தகுதி இருக்கு. நானே விண்ணப்பிக்கறேன்."

"வேல செஞ்சிட்டு இருந்தாரே, அப்ப?"

"அப்ப இல்லம்மா."

அட்டை அக்டோபரில் வந்தது. காப்பிக்கடையில் பேச்சு வந்தபோது, அது வேறு என்று ஹாய்ட் சொன்னார். வெர்லின் எத்தனை வருஷம் உழைத்தவன். சும்மா உட்கார்ந்து வாங்குகிறவனா? யாரும் மறுக்கவில்லை. நவம்பர் தேர்தலில் ஸ்பார்க்மனை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வெர்லின் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து வாக்களித்துவிட்டுப் போனான்.

கதிர்வீச்சு தொடங்க மாநிலத்துக்காக அட்டையை நடத்தும் தனியார் கம்பெனியின் சம்மதம் வேண்டும். அதைத் தொலைபேசியில்தான் வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நேடீன் வேலையில் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை வெர்லின் அட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் வீட்டுப் பக்கம் சிக்னல் நிற்காது. சமையலறை மேஜையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள். இளம் குரல். பின்னால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

விஷயத்தைச் சொன்னேன். எண்களைப் படித்தேன்.

"நன்றி, சார். நீங்க மிஸ்டர் டாக்கெட்டா?"

"இல்ல. சிநேகிதன். அவரால பேச முடியாது."

"புரியுது, சார். நான் உங்ககூடப் பேசணும்னா அவரோட அனுமதி வேணும். அவர் தன் பேரச் சொல்லி, 'சம்மதம்'னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அவருக்குத் தொண்டைல புத்து. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கோம்."

"ரொம்ப வருத்தமா இருக்கு, சார். இது பதிவாகற லைன். அவர் குரல்லதான் வேணும். இல்லேன்னா தாள்ல கையெழுத்து வாங்கி அனுப்பலாம், அது பதிவாக முப்பது வேல நாள் ஆகும்."

நான்தான் டாக்கெட் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல முடியாது. வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு நேராகக் குனிந்தான். கழுத்துத் துணியை விலக்கி, குழாயின் வாயை விரலால் மூடினான். நர்ஸ் சொல்லிக் கொடுத்த வழி அது. மூடினால் சில சமயம் கொஞ்சம் சத்தம் வரும். நெற்றி நரம்பு புடைத்தது.

"சார்? கேக்கல. இன்னொரு தடவ."

விரலை எடுத்து மூச்சு வாங்கினான். மறுபடி மூடினான்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்காரு" என்றேன். "சொல்றாரு. கொஞ்சம் பொறும்மா."

"நீங்க பேசக் கூடாது, சார்."

நான் வாயை மூடிக்கொண்டேன். வெர்லின் இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, போனுக்குள்ளேயே போய்விடுகிறவன்போல முகத்தைத் தாழ்த்தி, உதட்டைத் திறந்து மூடினான். அந்த வார்த்தை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பதில் இல்லாததால இந்த அழைப்ப முடிக்கறேன், சார். இந்த நாள் நல்ல நாளா இருக்கட்டும்."

வெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மறுபடி அந்த எண்ணை அழுத்தினேன். பாட்டு ஆரம்பித்தது.